சந்தனம் வைத்த விசைப்பலகை

அன்புள்ள தம்பி தங்கைமாருக்கு,

அலுவலகத்துக்குப் புதிதாக மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்கப் போகிறீர்கள் என்றும், எது நல்லது என்று நான் சொல்ல வேண்டும் என்றும் வாட்ஸப்பில் கேட்டிருந்தீர்கள். கூடவே ஒரு ஒப்பீட்டு அட்டவணையும் அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு விசையும் எத்தனை கோடி அழுத்தம் தாங்கும் என்பதற்கென்றே தனியாக ஒரு நிரல் இருக்கிறது. அத்தனை கோடி தடவை அழுத்தி முடித்து, உத்தரவாத அட்டையோடு கடைக்குத் திரும்பிப் போன ஒரு மனிதரை என் வேலைக்காலம் முழுவதிலும் நான் சந்திக்கவில்லை. இருந்தாலும் நிரல் அழகாக இருக்கிறது, அதை அழிக்க வேண்டாம்.

நீங்கள் ஒரு வரியில் பதில் எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு வரி கேட்டவர்களுக்கு நாலு பக்கம் எழுதுவது ஓய்வுபெற்றவனின் உரிமை. அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நம் பணிப்பாளரின் அறையில் சுவாமித்தட்டைக் கண்டிருப்பீர்கள். சரஸ்வதி படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஒரு விசைப்பலகை இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியும். நானும் உங்கள் வயதில் சிரித்திருப்பேன். அந்த விசைப்பலகை நான் தெரிவுசெய்து வாங்கியது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

நம் மொழிபெயர்ப்பு அலுவலகம் வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கடற்காற்று. அதை வாடகை விளம்பரத்தில் வசதி என்று போடுவார்கள். கணினிப் பொறுப்பில் இருந்த எனக்கு அது எதிரி. ஸ்டேப்ளர் முதல் சேர்வர் பெட்டியின் ஆணி வரை எல்லாம் துருப்பிடிக்கும். சாதாரண விசைப்பலகை எதுவும் இங்கே நீண்ட ஆயுளோடு இருந்ததில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை, பிலோமினா வேலைக்கு வரும்வரை.

பிலோமினா கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். இப்போது நீங்கள் எல்லோரும் பிலோ அக்கா என்று கூப்பிடுகிறவர்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நெடுங்காலம் தட்டெழுத்தாளராக இருந்தார். அந்த அலுவலகம் மூடப்பட்டதும் ஒப்பந்த அடிப்படையில் எங்களிடம் வந்தார். கணவர் துறைமுகத்தில் பாரம் தூக்கி முதுகு பழுதாகி வீட்டோடு இருந்தார். மகள் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடியும்போது நிரந்தர நியமனம் கிடைத்தால் அந்த வீடு மூச்சுவிடும். கிடைக்காவிட்டால், அம்பதைத் தாண்டிய தட்டெழுத்தாளருக்குக் கொழும்பில் வேறு கதவு திறக்காது. அவர் இதையெல்லாம் வாய் திறந்து சொன்னவரல்ல. ஆனால் நம் அலுவலகத்தில் வாய் திறக்காதவர்களின் செய்திதான் முதலில் பரவும், உங்களுக்குத் தெரியாததா.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, காணி உறுதி, சத்தியக் கடதாசி என்று மொழிபெயர்ப்பாளர்கள் கிறுக்கிக் கொடுப்பதெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் வெளியே வரும். ஒரே ஒரு குறை, கை. இரும்புத் தட்டெழுத்துப் பொறியில் பழகிய கை அது. விரலை உயரத் தூக்கித்தான் இறக்குவார். பக்கத்து மேசைக்காரர் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்வார். முதல் விசைப்பலகையில் இடைவெளிக் கட்டை கழன்றது. அடுத்ததில் நடு வரிசை முழுவதும் உட்கார்ந்துவிட்டது. அதற்கடுத்தது என்ன ஆனது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் கணக்காளரை உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். மாதக் கூட்டத்தில் அவர் பணிப்பாளரிடம் சொன்னது இது:

"சேர், கீபோர்ட்டை மாத்திக்கொண்டே இருக்கிறதைவிட ஆளை மாத்துறது லேசு."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் பார்த்த அட்டவணையில் பிலோமினாவின் வேகத்துக்கு ஒரு நிரல் இருக்கவில்லை, அவ்வளவுதான். நான் இடையில் புகுந்து, உறுதியான விசைப்பலகை என்று ஒன்று உலகத்தில் உண்டு, அதை ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம் என்றேன். பணிப்பாளர் யோசித்தார். பிறகு, சரி, ஒன்று வாங்குங்கள், ஒப்பந்தம் முடியும்வரை அது தாக்குப்பிடித்தால் விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் நியமனக் கடிதம் கொடுக்கிறேன், அதுவும் உடைந்தால் பிறகு இதைப் பற்றி என்னோடு யாரும் கதைக்கக் கூடாது என்றார். ஒரு பெண்ணின் சீவனோபாயம் அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் தலையில் ஏறியது. அந்தப் பெட்டியைத் தெரிவுசெய்ய வேண்டியவன் நான்.

நீங்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். இணையத்தில் மூழ்கினேன். சாதாரண விசைப்பலகையில் எல்லா எழுத்துக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு, மெக்கானிக்கலில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக ஒரு ஸ்பிரிங், தனியாக ஒரு சுவிட்ச் என்று படித்தேன். சுவிட்சுகளை நிறத்தால் அழைப்பார்கள் என்றும் படித்தேன். நீலம் சத்தம் போடும், சிவப்பு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், மண்ணிறம் இரண்டுக்கும் நடுவில். உலகத்தில் இதைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மதிய இடைவேளையில் பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போனேன். கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கிற கட்டடம். கடைக்கார இளைஞன் சிங்களத்தில், அங்கிள் என்ன கேம் விளையாடுகிறீர்கள் என்று கேட்டான். பிறப்புச் சான்றிதழ் என்றேன். அப்படி ஒரு கேம் வந்ததை அவன் கேள்விப்படவில்லை போலிருக்கிறது, மரியாதையாகத் தலையாட்டினான்.

பிலோமினாவை நீல சுவிட்ச் போட்ட விசைப்பலகையின் முன்னால் இருத்தினோம். என்ன அடிக்கிறது சேர் என்று கேட்டார். என்னவும் அடியுங்கோ என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கை தானாகவே பழைய அலுவலகத்துச் சரக்குப் பட்டியல் ஒன்றை அடிக்கத் தொடங்கியது. கடையில் மற்ற வேலை நின்றது. பக்கத்துக் கடைகளில் இருந்தும் இரண்டு மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த இளைஞன் கண்ணாடி அலுமாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். நீலத்தின் சத்தம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய பொறி மாதிரியே கேட்கிறது என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப இதையே எடுப்பமா?" என்றேன்.

"வேணாம் சேர். மண்ணிறத்தை எடுப்பம். மத்தவங்களும் வேலை செய்யணுமே."

மண்ணிறம் எடுத்தோம். எழுத்துக் கட்டைகளைக் கையால் கழற்றலாம், பழுதான சுவிட்சை மட்டும் பிடுங்கி மாற்றலாம். அடித்தட்டு உலோகம். பாரம் ஒரு சின்னத் தேங்காய் அளவு. ஒரே ஒரு பிரச்சினை, உறுதியான விசைப்பலகை எல்லாம் விளையாட்டுக்காரர்களுக்காகச் செய்யப்படுவதால் உள்ளே வண்ண விளக்குகள் இருந்தன. விளக்கில்லாதது கையிருப்பில் இல்லை. அந்த விளக்கை அணைக்கலாம் என்று இளைஞன் சொன்னான். எப்படி அணைப்பது என்று அவன் சொன்னதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் சத்தியக் கடதாசிகளுக்கு நடுவில் அந்த விசைப்பலகை பச்சையும் ஊதாவும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. வெசாக் பண்டிகையின் மின்விளக்குப் பந்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது போல இருந்தது. நான் அதை அணைக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது பணிப்பாளர் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிறங்கள் ஓடுவதைப் பார்த்தார். நம் கோயில் தேர்த்திருவிழாவுக்கு இந்தமுறை இப்படித்தான் சோடனை போட வேண்டும் என்றார். அணைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை நினைவில் வைத்திருங்கள்.

விசைப்பலகை தாக்குப்பிடித்தது. கடற்காற்றையும் பிலோமினாவையும் ஒன்றாகத் தாக்குப்பிடித்தது. மற்றவர்களின் விசைப்பலகைகள் வழமை போலச் சாக, இது மட்டும் ஒளிவீசிக்கொண்டு நின்றது. கணக்காளர் அந்தப் பக்கம் போகும்போது ஒருமுறை குனிந்து பார்ப்பார், ஒன்றும் கழன்றிருக்காது, போய்விடுவார். நவராத்திரி வந்தபோது நியமனக் கடிதம் தயாராகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தட்டெழுதியதே பிலோமினாதான். தன் நியமனக் கடிதத்தைத் தானே அடிக்க வைக்கும் அலுவலகம் நம்முடையது.

சரஸ்வதி பூசையன்று நம் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று உங்களில் இந்துக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழில் செய்யும் கருவிகளைப் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசை செய்வோம். பூசைக்கு வைத்த கருவியை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. அக்காலத்தில் பேனை, பதிவேடு, முத்திரைக் கட்டை எல்லாம் வைத்தார்களாம். எங்கள் காலத்தில் மவுஸ், பிரின்டர், ஸ்கேனர். விசைப்பலகைகளில் ஒன்றிரண்டை ஓரமாக வைத்து, சட்டத்தின் மூலையில் ஒரு பொட்டு வைப்பதுதான் வழக்கம்.

அந்த வருடம் பணிப்பாளர் பிலோமினாவின் விசைப்பலகையை நடுவில் வைக்கச் சொன்னார். காரணம் விளக்கு. கணக்காளர் ஓடிப்போய்த் தன் பவர் பேங்கைக் கொண்டுவந்து வயரைப் பொருத்திவிட்டார். அம்மனுக்கு முன்னால் நிறங்கள் ஓடத் தொடங்கின. எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றோம். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

சந்தனத்தைப் பணிப்பாளரே அரைப்பார். இந்தியாவுக்குத் தலயாத்திரை போனபோது கொண்டுவந்த கட்டை, தண்ணீருக்குப் பதிலாகப் பன்னீர். ஸ்டேப்ளருக்கு ஒரு பொட்டு, போட்டோக்கொப்பி மெசினுக்கு ஒரு பொட்டு. நடுவில் இருந்ததற்கு வந்ததும் அவருக்குப் பக்தி பெருகிவிட்டது. எல்லா எழுத்தும் அவதானே என்று சொல்லி, வரிசை வரிசையாக ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்தார். மேலே குங்குமம். அதற்கு மேலே பன்னீர்ச்செம்பால் தாராளமாகத் தெளித்தார். சர்க்கரை போட்ட அவல் தட்டம் வைக்க இடம் போதாமல் அதையும் விசைப்பலகையின் மேலேயே சாய்த்து வைத்தார்கள். ஈரத்தில் விளக்குகள் இன்னும் அழகாகத் தெரிந்தன. நாங்கள் எல்லோரும் கைகூப்பி நின்றோம். பிலோமினாவும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் எல்லோரும் வேலையைத் தொடங்கி வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் கணினியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, கீழே தன் பெயரை அடித்து அச்சிட்டுப் பணிப்பாளரிடம் கொடுப்பது வழக்கம். அன்றைக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழத்தோடு அந்த நியமனக் கடிதமும் இருந்தது. அதனால் எல்லோரும் பிலோமினாவின் மேசையைச் சுற்றி நின்றோம்.

பிள்ளையார் சுழி ஒழுங்காக விழுந்தது. பெயரைத் தொடங்கினார். இரண்டாவது எழுத்து ல. அது விழுந்தது, பிறகு மறுபடி விழுந்தது, பிறகு ஒரு வரி முழுவதும் லகரமாக ஓடியது. பிலோமினா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் எழுத்து நிற்கவில்லை. பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போனது.

நல்ல நாள் அதுவுமாக இப்படி ஆனதே என்று கணக்காளர் மெல்லச் சொன்னார். பணிப்பாளரின் முகம் மாறிவிட்டது. தாம்பாளத்தில் இருந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எனக்கு முன்னம் இந்தக் கணினிப் பொறுப்பில் இருந்தவர் அதிகம் கதைக்க மாட்டார். ஒரு பொருள் பழுதானால் முதலில் பொருளைத் திற, பிறகு வாயைத் திற என்பது அவர் எனக்குச் சொன்னவற்றில் எனக்கு நினைவிருக்கும் ஒன்று. விசைப்பலகையை என் மேசைக்குக் கொண்டுபோய், கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். திறந்ததுமே கோயில் மணம். ஒவ்வொரு சுவிட்சின் கழுத்திலும் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. அடித்தட்டில் பன்னீரும் குங்குமமும் சேர்ந்து செந்நிறமாகப் படிந்திருந்தன. லகரத்தின் கீழே சர்க்கரைப் பாகு ஒட்டிய ஒரு அவல். அந்த விசைப்பலகையைப் பிலோமினாவின் கையால் கொல்ல முடியவில்லை. எங்கள் பக்தி ஒரே நாளில் முடித்துவிட்டது.

பிலோமினா வந்து பக்கத்தில் நின்றார். நான் சந்தனத்தைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. காலையில் வந்தவுடனேயே ஈரத்தைக் கண்டிருக்கிறார், கைலேஞ்சியால் துடைத்தும் பார்த்திருக்கிறார். எல்லோரும் நிற்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாமே, ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது சந்தனத்தைப் பத்தினதா இருக்காது சேர்," என்றார். "வேதக்காரி ஒருத்தி பூசையைக் குறை சொன்னதா இருக்கும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது. அந்த அலுவலகத்தில் அத்தனை வருடம் இருந்தும், யார் எதைச் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்று ஒரு கணக்கு இருப்பதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்கத் தேவைப்படாத பக்கத்தில் நான் இருந்தேன்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பழுதுபார்ப்பு அறிக்கை எழுதலாம். வெளிப்பொருள் உட்புகுந்ததால் பழுது என்று எழுதினால், என்ன வெளிப்பொருள் என்று கணக்காளர் கேட்பார். சந்தனம் என்று எழுதினால், பூசையால்தான் சகுனம் கெட்டது என்று பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்ததாகும். கோயிலில் உபயம் செய்கிறவர், விஜயதசமி நாள் வேறு. அந்தக் கோபம் என் மேல் விழாது, நேராகப் பிலோமினாவின் மேல்தான் விழும். சரி, சத்தம் போடாமல் திருத்திவிடலாம். அது எனக்குப் பெரிய வேலையே அல்ல. ஸ்பிரிட் போட்டுக் கழுவி, பழுதான சுவிட்சுகளை மாற்றினால் பின்னேரத்துக்குள் ஓடும். ஆனால் கடிதம் பணிப்பாளரின் பையில் இருக்கும். எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் அது பிலோமினாவின் கையில்தான் பழுதானது. திருத்திக் கொடுத்தால், உடைத்ததைத் திருத்தினார்கள் என்றுதான் பெயர் வரும்.

கட்டைகளைப் பூட்டாமல், அப்படியே திறந்தபடி விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனேன். அவர் பேப்பர் வாசிப்பது போல இருந்தார். மேசையில் வைத்தேன்.

"சேர், இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு குனிந்தார். குனிந்தவர் சற்று நேரம் நிமிரவில்லை. தன் கையால் அரைத்த சந்தனத்தின் மணம் ஒரு மனிதருக்குத் தெரியாமல் போகுமா. விரலை நீட்டி ஒரு சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் சந்தனம் ஒட்டியது.

"இது நான் வைச்சது," என்றார்.

"ஓம் சேர். ஆக அடி வரைக்கும் போயிருக்கு."

இதற்கு மேல் ஒரு சொல் கூடச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான் நின்றேன். ஒரு பெரிய மனிதர் தன் பிழையில் இருந்து வெளியே வர ஒரு கதவைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதுதான் என் வேலையாக இருந்தது.

"அப்ப," என்று மெல்ல நிமிர்ந்தார், "அம்மன் ஏற்றுக்கொண்டிட்டா எண்டுதான் அர்த்தம்."

"ஓம் சேர். அப்பிடித்தான் இருக்க வேணும்."

"ஏற்றுக்கொண்டதைத் திருப்பி எடுக்கக்கூடாது."

"எடுக்கக்கூடாது சேர்."

திருத்தலாம் என்று நான் சொல்லவில்லை. என் தொழில்வாழ்க்கையில், திருத்தக்கூடிய ஒரு பொருளைத் திருத்த முடியும் என்று சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான், அதற்காக இன்றுவரை எனக்குத் துக்கமில்லை. திருத்திய விசைப்பலகை பிலோமினாவின் மேசையில் ஒரு வழக்காக இருந்துகொண்டே இருக்கும். சுவாமித்தட்டுக்குப் போன விசைப்பலகையோடு வழக்கு முடிந்துவிட்டது.

பணிப்பாளர் கட்டைகளைப் பூட்டித் தரச் சொன்னார். தானே எடுத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார். கணக்காளரைக் கூப்பிட்டு, இதே மாதிரி இன்னொன்று வாங்கவேண்டும், காசோலை எழுதுங்கள் என்றார். கணக்காளர் சுவாமித்தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அம்மன் எடுத்த முடிவுக்கு எதிராக எந்தத் தலைப்பில் ஆட்சேபம் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. காசோலையை எழுதினார். பஞ்சாங்கத்தில் பின்னேரம் இன்னொரு நல்ல நேரம் கிடைத்தது. நாலாக மடித்திருந்த கடிதத்தைப் பணிப்பாளர் மேசை விளிம்பில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தி, பிலோமினாவின் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அந்தத் தேய்ப்பில் இருந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். பிலோமினா எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். மண்ணிறமே வாங்குங்கள். கட்டையும் சுவிட்சும் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அதில் அடிக்கப் போகிறவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கை சொல்வதைக் கேளுங்கள். விளக்கு உள்ளது மட்டும்தான் கிடைத்தால், அணைக்கும் வழியைக் கடையிலேயே கேட்டு வையுங்கள். இன்னொரு நிரலும் போடுங்கள். இது பழுதானால், பழுதானது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் அலுவலகத்தில் யார் என்று அதில் எழுதுங்கள். முதலாவது பெட்டியை அவருக்குக் கொடுங்கள். அவருக்காகச் சொல்ல வேண்டிய நாள் வரும்போது உங்களில் ஒருவர் ஆயத்தமாக இருங்கள்.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த வருடம் சரஸ்வதி பூசைக்குப் பணிப்பாளர் புதிய உத்தரவு போட்டார். விசைப்பலகைகள் வாங்கிய பெட்டிக்குள் மூடித்தான் வைக்கப்பட வேண்டும், சந்தனம் பெட்டிக்கு மேல் மட்டும். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், பிலோமினாவின் பெட்டிக்கு முன்னால் நின்றார். கிண்ணத்தைப் பிடித்தபடி திரும்பி, கடைசி வரிசையில் நின்றவரைக் கூப்பிட்டார்.

"உங்கட பெட்டிக்கு நீங்களே வையுங்கோ, பிலோமினா."

எல்லோரும் விலகி வழிவிட்டோம். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் வந்தார். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைச் சட்டைக்குள் மறைக்கவும் இல்லை, வெளியே எடுக்கவும் இல்லை. மோதிர விரல் நுனியைக் கிண்ணத்தில் தொட்டு, பெட்டியின் மேல் வைத்தார். மூன்று விசைப்பலகைகளை அடித்தே முடித்த அந்த விரல், அட்டையில் பட்டதா இல்லையா என்று தெரியாதபடி மெல்ல இறங்கி எழுந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு மிளகளவு சந்தனம். அவ்வளவு மென்மையாகத் தொட அவருக்குத் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

பணிப்பாளர் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்று கிண்ணத்தை நீட்டினார்.

பிலோமினா விரலைக் கைலேஞ்சியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"போதும் சேர்."